காட்டுவதும் பார்ப்பதும்

தமிழில் குழந்தையை டாக்டரிடம் ‘காட்டுகிறோம்’. பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரி ‘காட்டினாயா?’ என்றுதான் கேட்பாள். டாக்டர் ‘பார்க்கிறார்’. முதல் வினை பெற்றவர்களுடையது. இரண்டாவது வினை அதன் பின்னால், அதன் அனுமதியின் பேரில் வருவது. இந்த இரண்டு சொற்களின் வரிசை மாறிப்போன கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். இதை வரலாறு என்று சொல்லலாமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. தடுப்பூசிச் சட்டங்களைப் பற்றியும் கொள்ளைநோய்ச் சாவுக் கணக்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஒரு அந்நியர் முன்னால் குழந்தையின் சட்டையைக் கழற்றும்போது தாயின் விரல்களில் ஏற்படும் தயக்கம் எந்த ஆவணத்திலும் அந்தத் தயக்கமாகவே பதிவாவதில்லை. ‘அறியாமை’, ‘மூடநம்பிக்கை’, ‘ஒத்துழையாமை’ என்ற மூன்று தலைப்புகளில் ஏதாவது ஒன்றின் கீழ் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சென்ற வருஷம் என் மகள் தன் நாலு வயதுப் பெண்ணை ஒரு நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். வயிற்றுவலி. திரைக்குப் பின்னால் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, “அம்மா வெளியே நில்லுங்க, நீங்க நின்னா பாப்பா அழும்” என்றாளாம் நர்ஸ். மகள் நகரவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்து முடித்தார், மருந்து எழுதினார். தப்பாக எதுவும் நடக்கவில்லை. குழந்தைக்கும் மறுநாளே சரியாகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி போனில் கேட்டாள்: “நான் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருச்சோப்பா?” அதெல்லாம் சந்தேகம் இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, சந்தேகம் இல்லையென்றால் அது என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது அப்பா.

எங்களுக்குத் தேவதானப்பட்டி. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில் இருக்கிறது. அப்போது மதுரை ஜில்லா. தேனி என்று தனி மாவட்டம் வந்தது 1996இல். அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதும் தம்பிக்கு ஏழு வயதும் இருக்கும்போது, நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். வகுப்பு வகுப்பாக வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு கால்சட்டையையும் இறக்கச் சொன்னார்கள். எதிரே மைதானத்தில் பெரிய வகுப்புப் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நோட்டில் எழுதிக்கொள்வார். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ராத்திரி அம்மாவிடம் சொல்லி அழுதான்.

மறுநாள் காலையில் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தவர், கையெழுத்துப் போட மட்டும் தெரியும். சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று, “வாத்தியாரய்யா, யாரைக் கேட்டு அவுத்தீங்க?” என்றார். சர்க்கார் உத்தரவு என்றார் ஹெட்மாஸ்டர். “உத்தரவு சரிங்கய்யா. நல்லதுக்குத்தான் செய்யுறாக, இல்லங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டியாந்து காட்டியிருப்பேன்ல?” ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். “டாக்டர் பாத்தா என்னய்யா, உன் பிள்ளை குறைஞ்சா போயிட்டான்?”

இந்தக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அந்த நோட்டில் தம்பி பெயருக்கு எதிரே குடலிறக்கம் என்று எழுதியிருந்தது. அது உண்மை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அதே அப்பாதான் அவனை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார், ஆபரேஷன் ஆயிற்று, தம்பி இன்றைக்கும் தோப்புக்குப் போய்வருகிறான். டாக்டர் பார்த்தது சரி. பார்க்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் குடலிறக்கம் அல்ல. அந்தப் பதில் வரவேயில்லை. ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் சரியான பதிலைக் கொடுத்து வாயடைப்பது நவீன ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் கைவந்த வித்தை.

‘குறைஞ்சா போயிட்டான்’ என்று ஹெட்மாஸ்டர் கேலியாகக் கேட்டார். அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் யாரேனும் இதே கேள்வியை ஒரு தகப்பனிடம் கேட்டிருந்தால், ‘ஆமாம், குறைந்தது’ என்று அவன் கணக்காகவே சொல்லியிருக்க முடியும்.

அம்மைப்பால் வைத்த கதை அது. பெரியம்மைக்கு எதிராக மாட்டம்மைப் பாலைக் குத்தும் முறையை ஜென்னர் 1798இல் எழுதி வெளியிட்டார். அது இந்தியாவுக்கு வந்தது 1802இல். பாக்தாத், பஸ்ரா வழியாக பம்பாய்க்கு வந்து சேர்ந்து, ஜூன் 14ஆம் தேதி அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் குத்தப்பட்டது. வந்தது, குத்தப்பட்டது என்று செயப்பாட்டு வினையில் எழுதும்போது புட்டியில் வந்த மருந்து போலத் தோன்றுகிறது. பெரும்பாலும் அப்படியில்லை. அந்தப் பால் வெயிலில் கெட்டுவிடும். அதைக் கெடாமல் கொண்டுபோக நம்பகமான பாத்திரம் ஒன்றுதான் அகப்பட்டது: குழந்தையின் உடம்பு. குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பி ஏழெட்டு நாளில் பால் கட்டும். அந்தக் கொப்புளத்தைக் கீறி, வழிகிற நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். அதன் கையிலிருந்து அடுத்தது. அன்னாவின் கையிலிருந்து சில குழந்தைகள், அவர்களிடமிருந்து வேறு குழந்தைகள் என்று சங்கிலியாகத்தான் அது ஊர் ஊராகப் பரவிச் சென்னை ராஜதானிக்குள்ளும் வந்தது. ஸ்பெயின் அரசு 1803இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது கப்பலில் ஏற்றியது இருபத்திரண்டு அநாதைப் பையன்களை. அவர்கள் பிரயாணிகளா, சரக்கா என்பது வாசகனின் தீர்மானம்.

ஆகவே அம்மை குத்துகிறவர் ஒரு குழந்தையை இரண்டு முறை பார்ப்பார். முதல் தடவை கொடுப்பதற்கு, எட்டாம் நாள் எடுப்பதற்கு. தாய்மார்கள் அஞ்சியது பெரும்பாலும் இரண்டாவது வருகைக்குத்தான். காய்ச்சலும் வீங்கிய கையுமாகக் கிடக்கும் குழந்தையை ஊர் மந்தைக்கோ பக்கத்து ஊருக்கோ தூக்கிவரச் சொல்லி, அதன் புண்ணைத் திறந்து, வரிசையாக நிற்கும் மற்றக் குழந்தைகளுக்கு அதிலிருந்து எடுத்துக் குத்துவார்கள். பிள்ளையின் சத்தை எடுத்துவிடுகிறார்கள் என்று பேச்சு பரவினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எடுக்கத்தான் எடுத்தார்கள். குத்துகிற நாள் தெரிந்ததும் ஊர் காலியானது, பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒளித்தது, ‘பிள்ளை இல்லை’ என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் அதிகாரிகள் மாரியம்மன் பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். மாரியம்மனிடம் பயம் உண்டுதான். எங்கள் பக்கத்தில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் இன்றைக்கும் அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள். ஆனால் ஈரக் கொப்புளத்தைக் கீறுகிற கத்தியைக் கண்டு பயப்பட எந்த அம்மனும் தேவையில்லை.

பயம் வீணானதாகவும் இல்லை. கையிலிருந்து கைக்குப் பால் மாற்றும்போது மேகப்புண்ணும் கூடவே மாறும் என்பது 1861இல் இத்தாலியின் ரிவால்தா என்ற ஊரில் வெளிச்சமாயிற்று. ஒரே குழந்தையிலிருந்து தொடங்கிய சங்கிலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த நோய் தொற்றியது. அதன் பிறகும் முப்பத்தேழு வருஷம் கழித்து, 1898இல்தான் இங்கிலாந்தில் அந்த முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சென்னையில் கன்றுக்குட்டியின் உடம்பில் பால் வளர்த்து எடுக்கும் பொறுப்பு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தது. குழந்தையின் இடத்தில் கன்று நின்றது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோரின் சங்கடம் என்று நான் சொல்வதைப் பரிசுத்தமான ஒன்றாக ஆக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதற்குள் ஜாதி இருந்தது. எந்தக் கையிலிருந்து எடுத்த பால் என் பிள்ளையின் கையில் ஏறுகிறது என்ற அருவருப்பு மேல்ஜாதி வீடுகளில் பலமாக இருந்தது. யாருடைய பிள்ளையின் கொப்புளம் முதலில் திறக்கப்படும் என்பதும் ஜாதியும் காசும் தீர்மானித்த விஷயம்தான். இல்லாதவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்து அவர்கள் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். அந்தத் தாய்மாரும் சங்கடப்பட்டிருப்பார்கள். மறுக்க மட்டும் அவர்களுக்கு இடமில்லை. சங்கடத்தை வாய்விட்டுச் சொல்வதற்கே ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கிறது. என் மகள் திரைக்குப் பின்னால் நகராமல் நின்றாள் என்றால், அவள் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள் என்பதும் அதில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நம் இலக்கியக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர் வருகிறார். பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டர், குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று 1816இலேயே எழுதியவர். அவர் அம்மைப்பாலுக்காகத் தமிழில் ஒரு புராணமும் செய்தார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அமைத்து, பசுவின் வழியாக வந்த இந்தப் பால் தேவியே தந்த கொடை என்று மக்களை ஏற்கவைப்பது நோக்கம். இதைப் பக்தி வேஷம் போட்ட மோசடி என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது எல்லிஸ் யாரை நோக்கிப் பேசினார் என்பது. மக்களின் தயக்கத்தை ஒரு நம்பிக்கைப் பிரச்னை என்று அவர் எடுத்துக்கொண்டார். நம்பிக்கையை நம்பிக்கையால் வெல்லலாம் என்று கருதினார். தமிழை அவ்வளவு நுட்பமாகக் கற்றவருக்கும், கதை எழுதுவதற்கு முன் பிள்ளையின் கையை நீட்டச் சொல்லி அதன் தகப்பனிடம் கேட்பது எப்படி என்ற விஷயம் எழுதத் தகுந்ததாகப் படவில்லை. மொழியில் இருந்த ‘காட்டுதல்’ அவர் காதில் விழவில்லை.

அம்மை கண்ட வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டான். பிள்ளையைக் கண்ணால் பார்ப்பதே குறைந்துவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை அந்த உடம்பு வீட்டுக்கு மட்டும் உரியது. தொற்றுநோயைத் தனிமைப்படுத்தியது என்று இதை விஞ்ஞான பாஷையில் மெச்சிக்கொள்வது இப்போது ஒரு மோஸ்தர். அந்த மெச்சல் எனக்கு வேண்டாம். நான் சொல்ல வருவது, உடம்பை எப்போது யார் பார்க்கலாம் என்பதற்கு ஒரு இலக்கணம் இருந்தது என்பதை மட்டும். எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோவிலில் கருவறைக் கதவைத் திறப்பதில்லை. மஞ்சளாற்றங்கரையில் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களும் சாத்திய கதவைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், பூஜையும் கதவுக்குத்தான். இதைப் படிமமாக்கிக் கவிதை செய்ய நண்பர்கள் யாராவது கிளம்பலாம், அது அவர்கள் பாடு. பார்க்காமலிருப்பதை ஒரு மரியாதையாகப் பழகிய ஜனங்களிடம், பார்ப்பதைச் சலுகையாகக் கூட அல்லாமல் உரிமையாக எடுத்துக்கொண்டு ஒரு உத்தியோகஸ்தர் வந்தார் என்பதைச் சொல்லத்தான் கதவைக் குறிப்பிட்டேன்.

அந்த உரிமை சட்டமாகவே வந்தது பிளேக்கோடு. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம். ரயில் நிலையங்களில் பிரயாணிகளை இறக்கி அக்குளிலும் தொடையிடுக்கிலும் கைவைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். புனேயில் வீடு புகுந்து சோதனை போட்டது பட்டாளம். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் நடந்த அந்தச் சோதனைக்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் 1897 ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். தேசிய இயக்கத்தின் வரலாற்றில் இது ஒரு அரசியல் கொலையாக இடம்பெறுகிறது, சரிதான். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்று கேட்டால் நெறி பார்க்க நீண்ட ஒரு கை. நெறி நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. காலில் சிரங்கு வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பாட்டி தொட்டுப் பார்த்து, காலில் எங்கே புண் என்று தேடுவாள். அதே இடத்தை அதே காரணத்துக்காகப் பிளாட்பாரத்தில் வேறொருவர் தொட்டார். பிளேக் எங்கள் பள்ளத்தாக்கிலும் வெகுகாலம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பிளேக் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் 1934இல் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றிய நல்ல விஞ்ஞானம் அது. நோய் எலியிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனிதனின் தொடையிடுக்கைச் சோதித்ததில் எவ்வளவு பிரயோஜனம் இருந்தது என்று திரும்பிப் போய் யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இது மாறியிருக்க வேண்டும். 1948இல் மதனப்பள்ளியில் க்ஷயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போடத் தொடங்கினார்கள். கிண்டியிலேயே மருந்து தயாராயிற்று. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கோஷ்டிகள் போயின. முதலில் கையில் ஒரு சோதனை ஊசி, மூன்று நாள் கழித்து வந்து தடிப்பை அளந்து பார்ப்பது, தடிப்பில்லாதவர்களுக்குத் தடுப்பூசி. மறுபடியும் இரண்டு வருகைகள், மறுபடியும் வரிசையாக நீட்டிய கைகள். 1955இல் ராஜாஜி இதை எதிர்த்து எழுதவும் பேசவும் ஆரம்பித்தார், ஒரு சிறு புத்தகமும் போட்டார். முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பலன் நிச்சயமில்லாத ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள்மேல் மொத்தமாகப் பிரயோகிப்பது சரியில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பேச்சுக்குச் சென்னை ராஜ்யத்தில் பாதிப்பு இருந்தது. பெற்றோர் தயங்கினார்கள். ராஜாஜி பிற்போக்குவாதி, விஞ்ஞான விரோதி என்று அவரைப் பிடிக்காதவர்கள் சொன்னார்கள். குலக்கல்வித் தகராறு ஆறியிராத நேரம், அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருந்தது.

பின்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். 1968இல் செங்கல்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களை வைத்து இந்த ஊசியைப் பரிசோதித்தார்கள். உலகத்தில் இந்த ஊசிக்காக நடந்த பரிசோதனைகளில் மிகப் பெரியது அது. பத்து வருஷம் கழித்து வந்த முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இது அங்கே தடுக்கவில்லை என்பது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை க்ஷயத்தைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள், போடவும் வேண்டும். ராஜாஜி ஜெயித்தார் என்றோ தோற்றார் என்றோ இதிலிருந்து காட்ட முடியாது. அவர் மருத்துவத்தில் பாதி தப்பாகவும் பாதி சரியாகவும் இருந்தார். கேட்டுச் செய்யுங்கள் என்ற விஷயத்தில் முழுக்கச் சரியாக இருந்தார் என்று எனக்குப் படுகிறது. அவருடைய மற்ற அபிப்ராயங்களில் எனக்கு உடன்பாடு குறைவு என்பதால் இதைச் சொல்வதில் ஒரு திருப்திகூட இருக்கிறது.

பெரியம்மை ஒழிந்தது. இந்தியாவின் கடைசிக் கேஸ் 1975 மே மாதம். உலகத்திலிருந்தே போய்விட்டது என்று 1980 மே 8ஆம் தேதி அறிவித்தார்கள். என் கையில் இருக்கும் வட்டத் தழும்பு என் மகளின் கையில் இல்லை. இது சாதாரண விஷயமல்ல; நான் எழுதுவதை யாராவது தடுப்பூசிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டால் தழும்பைக் காட்டுவேன். ஆனால் கடைசி ஆண்டுகளில் பீஹாரில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிடித்துவைத்துக் குத்தினார்கள் என்பதை அந்த இயக்கத்தில் வேலை செய்த டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

குற்றவியல் சட்டம் இதில் என்ன சொல்லிவந்திருக்கிறது? 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்திலேயே, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்துக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்ற கருத்து 89ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது வேறு எண்ணோடு இருக்கிறது. அதாவது அப்பா வாசலில் நின்று கேட்டதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே சட்டத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. அவருக்கும் தெரியாது, ஹெட்மாஸ்டருக்கும் தெரியாது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், பாதிக்கப்பட்ட குழந்தையைப் பரிசோதிக்கும்போது பெற்றோரோ குழந்தை நம்புகிற வேறொருவரோ கூட இருக்கவேண்டும், பெண் குழந்தையானால் பெண் டாக்டர்தான் பார்க்கவேண்டும் என்கிறது. குழந்தைக்குக் கெடுதல் நடந்துவிட்டது என்று புகார் வந்த பிறகு கிடைக்கும் மரியாதை இது. வெறும் வயிற்றுவலிக்கு அதே மரியாதையை என் மகள் கேட்டாள்.

கூட நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்கு மருத்துவம் பார்த்த லாரி நாசர் என்ற டாக்டர் வருஷக்கணக்கில் சிறுமிகளிடம் அக்கிரமம் செய்து 2018இல் தண்டனை பெற்றார். சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருந்தார்கள். அவர் மறைத்து நின்றுகொண்டார். பின்னால் கோர்ட்டில் பேசிய பெற்றோர் சிலர், தாங்கள் அங்கேயே இருந்தும் பார்க்கவில்லையே என்று அழுதார்கள். பெற்றோர் நிற்பது ஒரு காவல் என்று மட்டும் நினைத்தால் இங்கே அது தோற்றுப்போகிறது. டாக்டர் என்ற சொல்லுக்கு முன் தன் கண்ணையே நம்பாமலிருக்கப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். நம் ஊரில் அந்தப் பழக்கத்துக்கு ‘ஒத்துழைப்பு’ என்று பெயர்.

ஆக, சந்தேகமா என்று மகள் கேட்டதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவளே சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது, அவளுக்கு ஞாபகமிருக்க நியாயமில்லை.

உலக வங்கிப் பணத்தில் தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. சத்துணவு வேறு, இது வேறு. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்து உருண்டை கொடுப்பது திட்டம். தராசில் குழந்தையைத் தொங்கவிட்டு அட்டையில் புள்ளி வைப்பார்கள். தாய்மார்கள் பல இடங்களில் மறுத்தார்கள். குழந்தையை நிறுத்துப் பார்த்தால் கண் பட்டுவிடும். விளையாட்டாகப் பிள்ளையைத் தூக்கி ‘என்ன கனம் கனக்குது’ என்று சொன்னாலே சுற்றிப் போடுகிற ஊர் இது. சந்தையில் நிறுக்கும் பண்டம் விற்கப் போகிற பண்டம், அல்லது வெட்டப் போகிற ஆடு.

1986இல் என் மகளுக்குப் பத்து மாதம். எங்கள் தெருவுக்கு அந்தத் தராசைக் கொண்டுவந்தது உள்ளூர்ப் பெண்தான், எட்டாவது வரை படித்தவள், ஒரு கைக்குழந்தைக்காரி. முதல் மாதம் அம்மா அவளை உள்ளேயே விடவில்லை. இரண்டாம் மாதம் அவள் தராசை வாசல் வேம்பில் கட்டி, தன் பிள்ளையைத் தூளியில் வைத்து, அம்மாவிடம், “பெரியம்மா, எனக்கு முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க, இவன் ஆட்டுறான்” என்றாள். அம்மா பார்த்துச் சொன்னாள். மூன்றாம் மாதம் அம்மாவே பேத்தியின் கன்னத்தில் மைப்பொட்டு பெரிதாக வைத்து, தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “நானே வைக்கிறேன், நீ தொடாத” என்றாள். அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தூளியில் வைத்ததும் அம்மாதான், முள்ளைப் படித்ததும் அம்மாதான். எடையைச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவள் வாய் திறக்காமல் புள்ளி வைத்தாள். பயிற்சி முகாமில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்யும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்த அட்டை அகப்பட்டது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வரிசையாகப் புள்ளிகள், கோடு மேலே ஏறுகிறது. முதல் மாதக் கட்டத்தில் புள்ளி இல்லை. ‘குழந்தை வீட்டில் இல்லை’ என்று அந்தப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. குழந்தை வீட்டில்தான் இருந்தது. அடுக்களையில், அம்மாவின் முந்தானைக்குள், சத்தம் வராமலிருக்க ஒரு துண்டு வெல்லத்தைச் சப்பிக்கொண்டு. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.